கலாமணி நினைவாக

திருமூர்த்தியின் வீட்டில் சப்வூஃபரை சப்வூஃபர் என்று சொல்லக் கூடாது. ஆழ்குரலி என்று சொல்ல வேண்டும். ஹோம் தியேட்டர், இல்ல அரங்கம். ரிமோட், தொலையியக்கி. சார்ஜருக்கு அவர் வைத்திருந்த பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் போனில் பாதி சார்ஜ் ஏறிவிடும்.

கோயமுத்தூரில் வெட் கிரைண்டர் செய்து விற்றே தலை நரைத்தவர். எத்தனையோ வீடுகளின் விடியற்காலைத் தூக்கத்தைக் கடகடவென்று கெடுத்த அந்த மனிதர், தொழிலை விட்ட மறுநாளே ஒலியின் தூய்மையைப் பற்றி உபதேசம் செய்ய ஆரம்பித்தார். குடியிருப்பின் தமிழ்ப் பேரவைக்கும் அவர்தான் தலைவர். சத்தமோ சொல்லோ, கலப்படம் இருந்தால் அவருக்குத் தலைவலி வந்துவிடும். வாசலில் கீரை விற்கிற பெண்மணியையே இரண்டு முறை திருத்தியதில், மூன்றாவது முறை அவள் அந்தத் தெருவுக்கே வராமல் போயிருக்கிறாள்.

அப்பேர்ப்பட்டவரின் ஆழ்குரலி கிரகிரவென்றது.

அது லேசுப்பட்ட பெட்டி இல்லை. அந்த வருஷம்தான் புதிதாக வந்திருந்தது. அதற்கு வாய் மட்டுமல்ல, காதும் உண்டு. படத்தில் இல்லாத சத்தம் எதையாவது அறை தன் பங்குக்குச் சேர்த்தால், ஜன்னல் கண்ணாடியின் நடுக்கமோ டியூப்லைட் மூடியின் முனகலோ, அதைக் கேட்டு இன்ன பொருள் அதிர்கிறது என்று கண்டுபிடித்து, நேர் எதிரான சத்தத்தை அனுப்பி அமுக்கிவிடும். 'உங்களுக்கு ஓர் அறை இருப்பதையே மறந்துவிடுங்கள்' என்றது விளம்பரம். திருமூர்த்தி அதற்காகவே வாங்கினார்.

அவர் மனைவி கலாமணிக்கு அந்தப் பெட்டியைப் பற்றி ஒரே ஓர் அபிப்பிராயம்தான். தூங்க நன்றாக இருக்கிறது. மதியச் சாப்பாடு முடிந்ததும் திருமூர்த்தி அரங்கத்தை இருட்டாக்கி, ஆழ்கடல் படம் ஒன்றைப் போடுவார். நீலம் சுவரெல்லாம் வழியும். வீடு முழுக்க ஒரு நீளமான 'ம்ம்ம்' பரவும். காதால் கேட்பதில்லை அது. வயிற்றிலும் முழங்காலிலும் பல்லிடுக்கிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். சாய்வு நாற்காலியில் கால் நீட்டிய கலாமணி அந்த 'ம்ம்ம்'முக்குள் மெல்ல மெல்ல இறங்குவாள். திமிங்கிலங்கள் சோம்பலாகத் திரும்பிப் படுக்கும். தண்ணீருக்குள் ஒரு வீடு. கதவெல்லாம் திறந்து கிடக்கும். உள்ளறையிலிருந்து யாரோ கூப்பிடுவார்கள். "அக்கா…"

விழித்தால், கிர்ர்ர் என்ற சத்தமும், திட்டிக்கொண்டே பெட்டியைக் குடைகிற கணவரும்தான் இருப்பார்கள்.

அவர் செய்யாத வைத்தியம் இல்லை. திருகாணிகளை இறுக்கினார். அடியில் ரப்பர் வைத்தார். மூலைக்கு மூலை இழுத்து வைத்துப் பார்த்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது, சத்தம் நிற்கவில்லை. பெட்டியின் மேல் இட்லி அரிசி மூட்டையை ஏற்றினார். ஏசியின் வாய்க்கு ஒட்டுநாடா போட்டார். பக்கத்து அறையிலிருந்த சாமி படங்களைக்கூட இறக்கிவிட்டார்.

"ஏனுங்க, சாமி எப்படீங்க கிரகிரங்கும்?" என்றாள் கலாமணி.

"சட்டம் அதிரும். சட்டம்னா சாமி மேல இருக்கற சட்டம், அரசியல் சட்டமில்ல."

"ரெண்டும் லூசாத்தான் இருக்குதுங்க."

கடைசியில் பெட்டி விற்ற கம்பெனியிலிருந்து ஷாஹிதா வந்தாள். போத்தனூர்ப் பெண். விசிட்டிங் கார்டில் 'ஒலிச்சூழல் ஆலோசகர்' என்று போட்டிருந்ததைப் பார்த்ததுமே திருமூர்த்திக்குப் பிடித்துப்போய்விட்டது. வாயைத் திறந்ததும் கொஞ்சம் குறைந்தது.

"சார், சப்வூஃபர்ல…"

"ஆழ்குரலி."

"சரி சார். ஆழ்குரலில ஒரு கோளாறும் இல்ல. உங்க ரூம்ல ஏதோ ஒண்ணுதான் ஆடுது."

"அதைக் கண்டுபிடிச்சு அமுக்கறதுதானே இதனோட வேலை?"

"அமுக்க ட்ரை பண்ணிருக்கு சார். ஜன்னல், மூடி, கரண்டி, எதுவா இருந்தாலும் ஒரே மாதிரிதான் ஆடும். ஒரே மாதிரி ஆடினா அமுக்கறது ஈஸி. இது அப்படி இல்ல. ஒரு நிமிஷம் ஆடின மாதிரி அடுத்த நிமிஷம் ஆடல. மெஷின் குழம்பிப்போயிருக்கு." மடியிலிருந்த திரையைத் தட்டினாள். அப்புறம் சிரித்துவிட்டாள். "இத பாருங்க சார். 'அதிரும் பொருள் எது'ங்கற இடத்துல என்ன போட்டிருக்குன்னு."

திருமூர்த்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். அதிரும் பொருள்: பேச்சு.

"பேச்சு ஒரு பொருளா? இலக்கணப்படி அது தொழிற்பெயர்."

"அதை மெஷின்கிட்ட சொல்லுங்க சார்."

படத்தின் சத்தத்தையெல்லாம் கழித்து, மிச்சமிருந்ததை மட்டும் அவள் ஒலிக்கவிட்டாள். மணலைச் சல்லடையில் சலிப்பது போல ஒரு கரகரப்பு. அதற்குள், கிணற்றின் அடியிலிருந்து வருவது போல் "…க்கா… நெ…ப்…" என்று ஏதோ.

சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த கலாமணி எழுந்து உட்கார்ந்தாள்.

"வசந்தி," என்றாள்.

*

கலாமணி கையை நீட்டிக் காட்டிய இடம் அட்டாலி. கொங்கு நாட்டில் பரணுக்கு அதுதான் பெயர். கல்யாணம், சீர், புண்ணியார்ச்சனை என்று வந்து சேர்ந்த எவர்சில்வர் பாத்திரங்கள் ஒரு நாளும் சமையல் பார்க்காமல் முக்தியடையும் இடம். ஷாஹிதா ஏணி வைத்து ஏறி, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகியிருந்த இரண்டு போசிகளை, வாயகன்ற சோற்றுப் பாத்திரங்களை, இறக்கினாள். விரலால் தட்டினாள். கிர்ர்ர்.

"பிடிச்சாச்சு சார். உள்ள இருக்கற போசில வெளிப்பக்கமா பேர் வெட்டிருக்கு. ஆழ்குரலி உறுமும்போது அந்தப் புள்ளியெல்லாம் வெளிப் போசியோட விளிம்புல உரசுது."

"உரசினா கிரீச்சுன்னுதானே வரணும்? எப்படிப் பேசும்?"

"பேர் வெட்டற மெஷின் பாத்திருக்கீங்கல்ல? கரண்ட் ஊசி. டர்ர்ர்னு ஆடிட்டே புள்ளி புள்ளியா வைக்கும். அப்ப பக்கத்துல நின்னு யாராவது பேசினா, அந்தச் சத்தமும் தகட்டுல போய் இடிக்கும் இல்லியா? புள்ளியோட ஆழத்துல மயிரிழை வித்தியாசம் விழும். கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தட்டாது. ஆனா இந்த மெஷினோட பொழப்பே மயிரிழைய எண்றதுதான். எந்தப் பொருள்னு தேடிப்போய், அந்தப் பொருள்ல பதிஞ்சிருந்த பேச்ச எடுத்துட்டு வந்திருக்கு." அவள் குரல் தானாகவே தாழ்ந்தது. "சார், இது யாரும் கேக்கணும்னு எழுதினதில்ல. ஆனா எழுதியிருக்கு."

போசியை வெளிச்சத்தில் திருப்பி, அதன் மேல் இருந்ததை உரக்கப் படித்தாள். "கலாமணி நினைவாக, தங்கை வசந்தாமணி." படித்துவிட்டு எதிரில் முழு உசுரோடு நின்ற கலாமணியைப் பார்த்தாள். "ஆன்ட்டி… இந்தக் கலாமணி யாரு?"

"நான்தான் கண்ணு. இன்னும் சாகல."

இந்த வீட்டுக்குப் புதுமனை புகுந்த நாளில் நடந்தது அது. ஏறத்தாழ இருபது வருஷம் ஆகிறது. முந்தின நாளே தாராபுரத்திலிருந்து வந்த வசந்தாமணியை, கலாமணியின் வசந்தியை, பஸ் ஸ்டாண்டுக்குப் போய், கடைவீதி வழியாகக் காரில் கூட்டிவந்தவர் திருமூர்த்திதான். விடிந்தால் விசேஷம். யார் என்ன சீர் கொண்டுவந்தார்கள் என்று மைக்கில் படிப்பது அவர்கள் பக்கத்து வழக்கம். தென்னை மரத்தில் கட்டிய ஒலிபெருக்கி ஊருக்கே கேட்கும்படி அறிவித்தது. "கலாமணி நினைவாக, தங்கை வசந்தாமணி குடும்பத்தார் வழங்கும் போசி ஒன்று!"

பந்தல் அப்படியே நின்றுவிட்டது. வடைச் சட்டி மட்டும் சொரசொரத்துக்கொண்டிருந்தது. செத்தவர்களுக்குத்தான் 'நினைவாக' என்று போடுவது. தண்ணீர்ப் பந்தலில், சுடுகாட்டுச் சுவரில், கோயில் குழாயில். புது வீட்டு வாசலில், மஞ்சள் சேலையோடு நிற்கிறவளுக்கு அதைப் போடுவார்களா? "தங்கச்சிக்கு அக்கா ஊடு கட்டினது பொறுக்கல," என்றார் விருந்துக்கு வந்திருந்த ஓர் ஒறம்பரைக்காரர். "படிச்ச புள்ளதானே? நினைவாகன்னா என்ன பொருள்னு தெரியாது?" என்று எல்லோருக்கும் கேட்க வருத்தப்பட்டவர் திருமூர்த்தி.

கலாமணி கேட்டாள். "ஏன்டி இப்படிப் பண்ணுன?"

வசந்தாமணி அக்காவைப் பார்க்கவில்லை. மாமன் திருமூர்த்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். பந்தியில் உட்காராமல், வெயிலோடு பஸ் ஏறிப் போய்விட்டாள். குற்றவாளி கண்ணைப் பார்க்க மாட்டாள் என்று சபை தீர்ப்பு சொன்னது. அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் நல்லது கெட்டது எதுவும் கிடையாது. போசி அட்டாலிக்குப் போனது. கல்வெட்டைக் கண்ணால் பார்க்க வேண்டாமென்று கலாமணிதான் அதை இன்னொரு போசிக்குள் இறக்கி வைத்தாள்.

"அப்ப என்ன நடந்துச்சுன்னு இதுல இருக்கும் ஆன்ட்டி," என்றாள் ஷாஹிதா. "அவங்க என்ன எழுதச் சொன்னாங்கன்னு இதுக்குள்ள இருக்கும். முழுசா எடுத்தரலாம். ஆனா ஒண்ணு. உரச உரச புள்ளி தேயும். சார் போட்ட ஒவ்வொரு படமும் கொஞ்சம் கொஞ்சமா அழிச்சுருக்கு. நல்லபடியா ஒரு தடவதான் கேக்க முடியும்."

கலாமணி போசியை வாங்கி முந்தானையால் துடைத்தாள். சட்டென்று துடைப்பதை நிறுத்தினாள்.

"வேண்டாம் கண்ணு. அவ வேணும்னுட்டே பண்ணியிருந்தா? இத்தன நாளா சந்தேகமாச்சும் இருக்குது. அதுவும் போச்சுன்னா, எனக்கு ஒரு தங்கச்சியே இல்லாம போயிருவா."

இரண்டு போசிக்கும் நடுவே பழைய துண்டொன்றைத் திணித்து, திரும்பவும் அட்டாலியில் ஏற்றச் சொன்னாள். சத்தம் நின்றது. ஆழ்குரலி அப்பழுக்கில்லாமல் முழங்கியது. திருமூர்த்தி வெற்றிப் பெருமிதத்தோடு 'அதிர்வும் அறமும்' என்று பேரவையில் ஓர் உரை நிகழ்த்தினார். கேட்டவர்களில் பாதிப் பேர் அதிராமல் தூங்கினார்கள்.

*

ஷாஹிதாவால் சும்மா இருக்க முடியவில்லை. கண்டதைக் கம்பெனியில் சொன்னாள். கம்பெனி அதற்கொரு பெயர் வைத்தது, விளம்பரம் செய்தது, கொஞ்ச நாளில் எல்லா செல்போனிலும் அந்த வித்தை வந்துவிட்டது. பாத்திரத்துக்குள் பாத்திரத்தை வைத்து, மேலே போனை அதிரவிட்டால் போதும்.

தமிழ்நாடு அட்டாலியிலிருந்து இறங்கியது.

சீர்ப் பாத்திரங்களைச் சமைப்பதற்கு இறக்காத வீடுகள் கேட்பதற்கு இறக்கின. "இவனுக்கு இந்த டம்ளர் போதும்" என்று ஒரு டம்ளர் சொன்னதில் பங்காளிகள் இரண்டாகப் பிரிந்தார்கள். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கோயிலின் குத்துவிளக்கு, உபயதாரரின் பக்திக் குரலில், "சாமி பேரு பெருசா இருக்குது, எம் பேரு எங்க?" என்று கேட்டது. சம்பந்தி வீட்டு அண்டாவில் காதை வைத்த ஒரு மாமியார் அன்றைக்கு வாயை மூடியவர்தான், மருமகள் அந்த அண்டாவைப் பூஜை அறையில் வைத்துவிட்டாள். இதை ஒழுங்குபடுத்த ஒரு குழு போட்டார்கள். முதல் கூட்டத்தில் தலைவருக்கு ஒரு நினைவுக் கேடயம் கொடுத்தார்கள். கேடயம் என்ன சொன்னதோ, இரண்டாவது கூட்டம் நடக்கவில்லை.

சிரிப்பதற்கில்லாத வீடுகளும் இருந்தன. சிங்காநல்லூரில் ஒருத்தி, செத்துப்போன புருஷன் பாத்திரக் கடையில் நின்று இருமிய இருமல் ஒரு சோற்றுத் தட்டில் இருக்கிறதென்று தெரிந்து, அந்தத் தட்டை யாரையும் தேய்க்கவிடவில்லை. இருமலைக் கேட்கவும் இல்லை, கேட்டால் தேய்ந்துவிடும். மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்பையும் இப்படிக் காப்பாற்ற வேண்டியதாகிவிட்டது, தொடாமல்.

பாத்திரக் கடைகளில் புதுப் பலகை தொங்கியது. 'பேர் வெட்டும்போது பேசக் கூடாது.' ஊசியின் டர்ர்ர் மட்டும் கேட்கும் அந்தக் கடைகளில் ஜனங்கள் கையைக் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் நிற்பது போல் நின்றார்கள். நல்லதாகவும் எதுவும் பேசவில்லை. யாருக்குத் தெரியும், எந்த நல்ல வார்த்தை எப்படிக் கேட்குமென்று?

கலாமணிக்கோ தூக்கம் போய்விட்டது. அதே நாற்காலி, அதே நீலம், அதே 'ம்ம்ம்.' தண்ணீருக்குள் அதே வீடு. ஆனால் உள்ளறையில் யாரும் இல்லை. ஒரு மதியம் அவளே ஏணியில் ஏறித் துண்டை உருவி எறிந்தாள். படுத்தாள். கிர்ர்ர்… "…க்கா." அப்பாடா என்று தூங்கிப்போனாள்.

"ஆழ்குரலி மறுபடி கிரகிரங்குது!" என்று கத்தினார் திருமூர்த்தி.

அடுத்த முறை வந்த ஷாஹிதா திரையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "நிறைய தேஞ்சிருச்சு ஆன்ட்டி. தினம் கேட்டுட்டுத் தூங்கறீங்கன்னா கொஞ்ச நாள்ல ஒண்ணுமே இருக்காது. கேக்கறதுன்னா இப்பவே முழுசாக் கேட்டுருங்க. இல்லன்னா வெறும் பாத்திரந்தான்."

கலாமணி அட்டாலியை அண்ணாந்து பார்த்தாள். அவளுக்காக முடிவெடுக்கத் திருமூர்த்தி எப்போதும் தயார்.

"உண்மை வெளியே வரட்டும் அம்மிணி. எதுக்குப் பயம்? தப்புப் பண்ணினது நாமளா?"

"அவ தப்புப் பண்ணாம இருந்தான்னா?"

"அப்ப தப்பு யாருதுன்னு போசி சொல்லுமில்ல? நான் பேரவைக்காரங்களையும் கூப்பிடறேன். ஒரு நிகழ்வா வெச்சுக்கலாம்."

"வெசனத்துக்கு எதுக்குங்க நிகழ்வு?" என்றாள் அவள். ஆனால் அதற்குள் அவர் அழைப்பிதழுக்கு வாசகம் யோசிக்க ஆரம்பித்திருந்தார்.

*

ஞாயிற்றுக்கிழமை மதியம் பேரவையின் செயலாளரும் நாலைந்து உறுப்பினர்களும் சாய்வு நாற்காலிகளில் சாய்ந்தார்கள். திருமூர்த்தி தொடக்கவுரை ஆற்றினார். "உண்மை என்பது ஓர் அதிர்வு. பொய் என்பது ஓர் இரைச்சல். சொல்லைப் பிழையாக எழுதுகிறவன் வாழ்க்கையையே பிழையாக எழுதுகிறான். ஒரு குடும்பத்தில் இருபது ஆண்டுகளாக…"

"சித்த சும்மா இருங்க," என்றாள் கலாமணி. "கண்ணு, நீ போடு."

இருட்டு இறங்கியது. நீலம் வழிந்தது. ஷாஹிதா ஆழ்குரலியின் அடிக்குரலை மெல்ல உயர்த்தினாள். 'ம்ம்ம்' தரையிலிருந்து கிளம்பி நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டது. யாரும் உட்கார்ந்திருக்கவில்லை, எல்லோரும் மிதந்தார்கள். சுவரில் ஒரு திமிங்கிலம் கண்ணை மூடித் திறந்தது. அட்டாலியில் போசி நடுங்கத் தொடங்கியது. மெஷின் அந்த நடுக்கத்தைப் பிரித்துப் பிரித்து, கரகரப்பைக் கழித்து, அறைக்குள் ஒரு கடைவீதியைக் கொண்டுவந்தது. தூரத்தில் பஸ் ஹாரன். எவர்சில்வர் அடுக்குகள் சரியும் சத்தம். அதற்கு நடுவே, இருபது வயசு குறைந்த ஒரு குரல், பக்கத்து நாற்காலியில் இருப்பது போல.

"…அக்கா நெனப்பான்னு போடுங்ணா. கலாமணி நெனப்பா, தங்கச்சி வசந்தாமணி. அவ்வளவுதானுங்."

"நெனப்பாங்களா?" என்றார், 'கலாமணி'யை வெட்டிக்கொண்டே, பேர் வெட்டுகிறவர்.

"ஆமாங்ணா. தாராபுரத்துல அடுப்பு முன்னால நின்னா அவ நெனப்பாவேதான் இருக்குது. அவளும் இதுல சோறாக்கறப்ப என்ர நெனப்பு வரோணுமில்ல?"

இருட்டில் கலாமணி வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

அப்போது இன்னொரு குரல் வந்தது. கனமான, ஆண் குரல். நிறுத்தி நிறுத்திப் பேசும் குரல். முன்னால் மைக் இல்லாதபோதும் இருப்பது போலவே பேசும் குரல்.

"நெனப்பு என்ன நெனப்பு? பேசற மாதிரியா எழுதுவாங்க? 'நினைவாக'ன்னு போடுங்க. பாத்திரம் காலத்துக்கும் நிக்கும். நல்ல தமிழ்ல நிக்கட்டும்."

"மாமா, அது செத்தவங்களுக்கு…"

"உனக்கு ஒண்ணும் தெரியாது புள்ள. வேர்ச்சொல் ஒண்ணுதான். நான் சொல்றேனில்ல?"

ஒரு சிரிப்பு. வளையல் குலுங்கும் சத்தம். "சரிங் மாமா. உங்களுக்குத் தெரியாததுங்களா…" பிறகு ஊசியின் டர்ர்ர் மட்டும். அதுவும் மங்கி, கடல் மட்டும் மிஞ்சியது.

ஷாஹிதா விளக்கைப் போடத் தயங்கினாள். செயலாளர்தான் எழுந்து போட்டார்.

திருமூர்த்தி வேண்டுமென்றே இத்தனை நாள் மறைத்தார் என்று சொல்ல முடியாது. வாழ்நாளில் அவர் திருத்திய சொற்கள் ஏராளம். அதில் ஒன்றையாவது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததில்லை. மறுநாளே பந்தலில் நின்று, தன் திருத்தத்தைத் தானே கண்டித்திருக்கிறார். ஒருத்தி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள், இப்போது சொல்வார், இதோ சொல்லிவிடுவார் என்று.

"அந்தக் குரல்…" என்று ஆரம்பித்தார். "குரல் என்னுது மாதிரி இருக்குதே தவிர…"

"குரல விடுங்க தலைவரே," என்றார் செயலாளர். "தமிழ் உங்களுதுங்க."

பேரவை ஓசைப்படாமல் கலைந்தது. அன்றைக்கு யாரும் நன்றியுரை ஆற்றவில்லை.

கலாமணி கத்துவாள் என்று ஷாஹிதா எதிர்பார்த்தாள். திருமூர்த்தியும் எதிர்பார்த்திருப்பார், அதற்காகத் தலையைக் கூடக் கொஞ்சம் குனிந்து வைத்திருந்தார். அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள்.

"நினைவுங்கறது செத்தவங்களுக்குங்க," என்றாள் மெதுவாக. "உசுரோட இருக்கறவங்க மேல வெக்கறதுக்குப் பேரு நெனப்பு. கீரைக்காரிக்குக்கூடத் தெரியும்."

அவர் வாயைத் திறந்தார். முதல் முறையாக, திருத்துவதற்கு எதுவும் இல்லாமல் மூடிக்கொண்டார்.

*

வசந்தாமணியின் நம்பர் யார் யாரிடமோ கேட்டு வாங்கியாயிற்று. கலாமணி போனை எடுத்தாள், வைத்தாள். மறுபடி எடுத்தாள். இத்தனை வருஷத்துக்கு ஒரு ஹலோ எப்படிப் போதும்?

பெரியகடை வீதிக்குக் கிளம்பினாள். திருமூர்த்தி கார் ஓட்டினார். கடை வாசலில் அவள் அவரைப் பார்த்து, "நீங்க இங்கயே நில்லுங்க," என்றாள். நின்றார்.

உள்ளே போய், கையகலத்தில் ஒரு போசி எடுத்தாள். பேர் வெட்டுகிறவர் சுவரிலிருந்த பலகையை விரலால் காட்டிவிட்டு, ஊசியைக் கையில் எடுத்தார்.

"என்ன எழுதறதுங்க?"

"எழுத்தெல்லாம் வேண்டாங்க. விளிம்பச் சுத்திப் புள்ளி மட்டும் வெச்சுட்டே இருங்க."

"வெறும் புள்ளியா? எதுக்குங்க?"

"நான் கொஞ்சம் பேசோணும்."

அந்த மனிதர் பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எழுந்துபோய்ப் பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். டர்ர்ர். கலாமணி குனிந்து, போசியின் வாயருகே பேச ஆரம்பித்தாள். கடைக்காரர் மரியாதையாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, வெயிலில், திருமூர்த்திக்கு அவள் உதடு அசைவது தெரிந்தது. ஒரு சொல்லும் கேட்கவில்லை. போசி ஒரு சுற்று முழுதாகச் சுற்றி வந்தது.

தாராபுரத்துக்குப் போசி போயிற்று. பதில் இல்லை. கலாமணி மதியம் தூங்கவில்லை. அட்டாலிப் போசி தேய்ந்துபோய் ஊமையாகிவிட்டிருந்தது. ஆழ்குரலி சுத்தமாக, யாருக்கும் வேண்டாத சுத்தத்தோடு முழங்கிக்கொண்டிருந்தது.

ஒரு வியாழக்கிழமை பார்சல் வந்தது. பிரித்தால், அவள் அனுப்பிய அதே போசி. திருப்பி அனுப்பிவிட்டாளா? மூடியைத் திறந்தாள். உள்ளே நிறைய நாட்டுச்சர்க்கரை. வந்த பாத்திரத்தை வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக் கூடாதில்லையா?

சர்க்கரையைக் கொட்டிவிட்டு, ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தாள். விளிம்பில் அவள் வைத்த புள்ளி வரிசை. அதற்குக் கீழே இன்னொரு வரிசை, கொஞ்சம் கோணலாக, கொஞ்சம் நெருக்கமாக, ஒரு சுற்று போதாமல் அடிவயிறு வரைக்கும் சுழன்று சுழன்று இறங்கியிருந்தது.

"என்ன எழுதியிருக்குது?" என்றார் திருமூர்த்தி.

"எழுத்தில்லீங்க."

அவளே ஏணி வைத்து ஏறி, பழைய போசிக்குள் புதியதை இறக்கி வைத்தாள். நடுவில் துணி வைக்கவில்லை. அரங்கத்தை இருட்டாக்கி, கடலைப் போட்டாள். செல்போனை அணைத்தாள். ஆழ்குரலியின் காதையும் அணைத்துவிட்டாள். அது இனி எதையும் கண்டுபிடிக்கவும் வேண்டாம், அமுக்கவும் வேண்டாம். நீலம் வழிந்தது, 'ம்ம்ம்' எழுந்தது, அவள் கால் நீட்டினாள்.

கிர்ர்ர்.

"அந்த…" என்று வாசலில் நின்ற திருமூர்த்தி தடுமாறினார், "அந்த சப்வூஃபர் மறுபடியும் கிரகிரங்குதே அம்மிணி. கழட்டிப் பாக்கட்டுமா?"

தண்ணீருக்குள் எங்கோ ஒரு வீட்டில், இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் கதவை ஓசைப்படாமல் சாத்தினார்.